தையலுக்கு விலை இல்லை

பழைய கார்ட்டூன் பொம்மைகளுக்கு விலை சொல்கிறவர்கள் முதலில் கேட்பது, பெட்டி இருக்கிறதா என்றுதான். அடுத்து, நிறுவனத்தின் சீட்டு உண்டா, சாயம் உரிந்திருக்கிறதா, தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். குழந்தையின் கை படாத பொம்மைக்கே உச்ச விலை. இது பொருளை மட்டும் பார்க்கும் நடுநிலையான அளவுகோல் என்று சேகரிப்பாளர்கள் நம்புகிறார்கள். அப்படித்தானா?

மிக்கி மவுஸ் 1928இல் திரைக்கு வந்தது. 1930இல் லாஸ் ஏஞ்சலிஸில் சார்லட் கிளார்க் என்ற பெண் அதைத் துணிப் பொம்மையாகத் தைத்தார். டிஸ்னி சகோதரர்களுக்கு அது பிடித்துப்போனது. தனியே ஒரு வீடு எடுத்து, அங்கே பொம்மை தைக்கும் வேலை நடந்தது. கேட்பவர்கள் பெருகி, தைக்கும் கைகள் போதாமல் போயின. 1932இல் மெக்கால் நிறுவனம் அந்தப் பொம்மைக்கான வெட்டு மாதிரியை அச்சிட்டு விற்றது. கடும் பொருளாதார மந்தக் காலம் அது. கடையில் வாங்க முடியாத தாய்மார்கள் வீட்டிலேயே தைத்துக்கொடுத்தார்கள்.

இன்று கிளார்க் பொம்மையைச் சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். அதே மாதிரியை வைத்து ஒரு தாய் தைத்த பொம்மை, ‘வீட்டில் தைத்தது’ என்ற குறிப்போடு கீழே இறங்கிவிடுகிறது. அரிதானதற்குத்தான் விலை என்பார்கள். ஒரு தாய் தன் குழந்தைக்கென்று தைத்தது உலகத்திலேயே ஒன்றுதானே? அதைவிட அரிதானது எது? ஆக, இந்தச் சந்தை எண்ணுவது பொம்மையை அல்ல, முத்திரையை.

இதே கணக்கு நம் ஊர்களிலும் ஓடுகிறது. 1960 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தோடு இருந்த திருத்தணியை எடுத்துக்கொள்வோம். இந்த எல்லைப் பகுதியில் தமிழ் வீடுகளில் நவராத்திரிக் கொலு. தெலுங்கு வீடுகளில் பொம்மல கொலுவு, சிலருக்கு அது சங்கராந்தியில். சேஷாசலம் மலைச் செம்மரத்தில் கடைந்த மரப்பாச்சி ஜோடி நிற்கும் படிகளில் இப்போது சோட்டா பீமும் சுட்கியும்கூட ஏறிவிட்டார்கள். ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றுவது, மூக்கு உடைந்ததை ஒட்டுவது, எது பாட்டி காலத்தது என்று நினைவில் வைப்பது எல்லாம் பெண்கள். ஆண் செய்தால் இதற்குப் பெயர் சேகரிப்பு. பெண் செய்தால் வீட்டு வேலை.

கொலுவைப் புனிதமாக்க வேண்டியதில்லை. மரப்பாச்சி மணப்பெண்ணோடு சீராகப் போனது. வெற்றிலை பாக்குக்குச் சுமங்கலிகளை மட்டும் அழைத்து, கைம்பெண்ணை விலக்கிய சடங்கு அது. எல்லாச் சாதியார் வீட்டிலும் கொலுப்படி இருந்ததில்லை. ஆனால் அந்தப் பொம்மைகளைக் காத்த உழைப்பு பொய்யல்ல. பாகப்பிரிவினையில் நிலத்துக்கும் நகைக்கும் மதிப்பு எழுதுகிறோம். பரணில் இருக்கும் பொம்மைப் பெட்டிக்கு எழுதுவதில்லை. பழம்பொருள் வியாபாரி அதைச் சில்லறைக் காசுக்கு எடுத்துப்போன பிறகு, அது ‘விண்டேஜ்’ ஆகிவிடுகிறது.

விலையைக் கூட்டுவதால் மட்டும் இது தீராது. விவரக் குறிப்பு மாற வேண்டும். யார் தைத்தார், யார் ஒட்டுப்போட்டார், யார் வைத்து விளையாடினார் என்பதும் அதில் ஏற வேண்டும். குழந்தை கடித்த காது குறை அல்ல; அந்தப் பொம்மை எதற்காகச் செய்யப்பட்டதோ அது நடந்தது என்பதற்கான சான்று.