வளைவுக்கு முன்னே எடுக்கும் கால்

நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டத்தை, அதாவது கார்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டு நேரத்தோடு மட்டும் மோதும் பந்தயத்தை, பின்தொடரும் வன்னி ரசிகர்களிடையே பழைய எம்ஜிஏ ஓட்டும் ஒருவரைப் பற்றி நிலைத்துவிட்ட கருத்து தவறானது. வளைவு வருமுன்பே அவர் அக்சிலறேற்றரிலிருந்து காலை எடுத்துவிடுவதைக் கண்டவர்கள் அதைப் பயம் என்கின்றனர். அது அந்தக் காரின் கட்டமைப்பை முழுதாக அறிந்தவரின் கணக்கு.

1955இல் வெளிவந்த இந்தக் கூரையற்ற கார், 1951ஆம் ஆண்டின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்துக்காக சிட் எனெவர் வடிவமைத்த உடற்கூட்டிலிருந்து பிறந்தது. அந்த உடற்கூடு தாழ்வானதாயினும், இருக்கை பழைய சேசியின் மேல், அதாவது எஞ்சினையும் உடற்கூட்டையும் தாங்கும் இரும்புச் சட்டத்தின் மேல், அமர்ந்திருந்தமையால் ஓட்டுநரின் தலையும் தோளும் உயர்ந்து நின்று காற்றைத் தடுத்தன. எனெவர் சட்டத்தின் இரு நீள இரும்புகளையும் அகல விலக்கி, அவற்றின் நடுவே இருக்கையை இறக்கினார். அதனால் பாரம் தாழ்ந்து, காருக்கு வளைவில் நிலைகொள்ளும் குணம் வந்தது.

ஆனால் ஏறத்தாழ 900 கிலோகிராம் எடையை இழுக்க, 1,489 கனசென்ரிமீற்றர் எஞ்சின் தொடக்கத்தில் 68 குதிரைவலுவையே தந்தது. ஏற்றத்தில் ஒருமுறை இழந்த வேகத்தை அத்தகைய எஞ்சினால் விரைவில் மீட்க முடியாது. வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக்கை மிதிப்பவரின் காரில் பாரம் முன்னே சரிந்து, பின்சில்லுகள் பிடிமானமிழந்து வழுக்க, அவர் முடுக்கவேண்டிய நேரத்தில் ஸ்டேரிங்கோடு மல்லுக்கட்டுகிறார். மேற்படி ஓட்டுநரோ நேர்ப்பாதையிலேயே வேகத்தைத் தணித்து முடித்து, முன்சில்லுகள் அமைந்தவுடன், வளைவின் நடுவை எட்டுமுன்பே மீண்டும் முடுக்கிவிடுகிறார். பின்புற வில்தகடுகள் சற்றே அமிழ்ந்து, கார் வழுக்காமல் மேலேறுகிறது. இந்த ஒரே தீர்மானத்தில்தான் அவருடைய ஆட்டம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இதை வன்னி மக்கள் எவரினும் முதலில் உணர்ந்திருக்கவேண்டும். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், சிறிது பெற்றோலில் எஞ்சினை இயக்கிச் சூடாக்கி, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஏ40 கார்களை ஓட்டியவர்கள், வலுக்குறைந்த எஞ்சினிடம் புது வேகம் கேட்காமல் இருக்கும் வேகத்தைக் காத்தே ஓடினர். 1947இல் அறிமுகமான அந்த ஏ40இன் 1,200 கனசென்ரிமீற்றர் எஞ்சினே எம்ஜிஏ எஞ்சினுக்கு வடிவமைப்பில் மூதாதை என்பதால், இரண்டும் ஒரே குடும்பம்.

வெயில் காய்ந்த பாதையில், வலுமிக்க புதுக் கார்கள் அவரை முந்தக்கூடும். ஆயினும் அடுத்த ஓட்டத்தில் மலைமழை பாதையை நனைத்தால், தாமதித்துப் பிரேக் பிடிப்போர் முதலிரு வளைவுகளிலேயே நேரத்தை இழப்பர்; இன்று அவரை நகைக்கும் இளம் ஓட்டுநர்களும் சில ஆண்டுகளில் அவரைப் பின்பற்றத் தொடங்குவர். ஆகவே ரசிகர்கள் கார் வளைவுக்குள் நுழையும் வேகத்தைப் பார்த்துத் தீர்ப்புக் கூறாமல், வெளியேறும் இடத்தில் நின்று நேரத்தை அளந்து பார்க்கவேண்டும்.