"நான் அட்மினா?" என்பது தப்பான கேள்வி

போன மாதம் ஒரு கிளையன்ட் இடத்தில் என் பழைய பேட்ச் ஃபைல் ஒன்று "அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கவும்" என்று அடம்பிடித்தது. அட்மினாகத்தான் இயக்கினோம். இரண்டு மணி நேரம் போச்சு. அதற்குள் அங்கிருந்த பையன் யுஏசியையே அணைத்துவிட்டிருந்தான்.

உள்ளே பார்த்தால், நான் எழுதிய சோதனை ஒரே வரி: 'நெட் செஷன்'. ஓடினால் அட்மின், ஓடாவிட்டால் இல்லை. அதற்கு அட்மின் உரிமை வேண்டும் என்பது சரிதான். ஆனால் விண்டோஸின் 'சர்வர்' சர்வீஸும் ஓட வேண்டும். அந்த மெஷினில் அதை டிசேபிள் செய்திருந்தார்கள். இணையத்தில் இன்றும் அதிகம் காப்பியடிக்கப்படும் வரி இது.

மற்ற வழிகள் மட்டும் ஒழுங்கா? பயனர் 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' குழுவில் இருக்கிறாரா என்று பெயரை வைத்துத் தேடினால், ஜெர்மன் விண்டோஸில் அந்தப் பெயரே வேறு. எஸ்-1-5-32-544 என்ற எண்ணைத் தேடுவதுதான் முறை. அதிலும் ஒரு பொறி உண்டு. விஸ்டாவில் யுஏசி வந்தபிறகு, அட்மின் பயனர் சாதாரணமாகத் திறக்கும் ப்ரோகிராமுக்குக் குறைத்த டோக்கன்தான் கிடைக்கும். குழு பட்டியலில் இருக்கும். ஆனால் 'மறுப்பதற்கு மட்டும்' என்ற குறியோடு. பட்டியலை மட்டும் பார்க்கிறவர் ஏமாறுவார். டோக்கன் உயர்த்தப்பட்டதா என்று விண்டோஸிடமே கேட்க வேண்டும்.

லினக்ஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். 'யூஐடி 0 என்றால் ரூட்' என்பதும் பாதி உண்மைதான். டாக்கர் கன்டெய்னருக்குள் 0 ஆக இருந்தும், டீஃபால்ட் அமைப்பில் மவுன்ட் செய்ய முடியாது. மாறாக, உரிய கேப்பபிலிட்டி கொடுத்த ப்ரோகிராம் சாதாரணப் பயனரின் கையிலேயே 80ஆம் போர்ட்டைத் திறக்கும்.

என் குறை இதுதான்: இந்தச் சோதனைகள் 'நீ யார்?' என்று கேட்கின்றன. வேலைக்குத் தேவை 'இதைச் செய்ய முடியுமா?' என்பது. ஒரு ஃபைலில் எழுத வேண்டுமா, எழுதிப் பாருங்கள். முடியாவிட்டால் எந்த ஃபைல், என்ன எர்ரர் என்று சொல்லுங்கள்.

பாதியில் நின்றால் கெட்டுப்போகும் இன்ஸ்டாலர் போன்றவற்றுக்கு முன்சோதனை வேண்டும்தான். அதற்கு மேனிஃபெஸ்ட்டில் 'ரெக்வயர் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று எழுதினால் விண்டோஸே அனுமதி கேட்டுக்கொள்ளும்.

தப்பான எர்ரர் மெசேஜ் என் இரண்டு மணி நேரத்தை மட்டும் தின்னவில்லை, ஒரு மெஷினின் பாதுகாப்பையும் அணைக்க வைத்தது. யுஏசியைத் திரும்பப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். அந்த ஒரு வரியையும் அழித்தாச்சு.