பேசாத பாலம்

நேற்றுவரை ஒழுங்காக இயங்கிய இணையதளம் இன்று முடங்கிக் கிடக்கிறது. பட்டியலை அழுத்தினால் விரியவில்லை, படங்கள் நகரவில்லை. சொந்தக்காரர் செய்ததெல்லாம் மென்பொருளின் புதிய பதிப்புக்கு மாறியதுதான். 2020 ஆகஸ்டில் வேர்ட்பிரஸ் பயன்படுத்திய பலருக்கு இந்த அனுபவம் நேர்ந்தது. தவறு யாருடையது?

வேர்ட்பிரஸ் ஒரு திறந்த மூல மென்பொருள். அதை வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். அதன் அடியில் ஜேகொயரி என்னும் ஆயத்த நிரல்தொகுப்பு இருக்கிறது. இதனை ஜான் ரெசிக் 2006-இல் வெளியிட்டார். அந்நாளில் ஓர் உலாவியில் ஓடும் நிரல் மற்றொன்றில் ஓடாது. அந்த வேற்றுமையைத் தொகுப்பு தானே சமாளித்துக்கொண்டதால் நிரலாளர்கள் அதனை விரும்பி ஏற்றார்கள்.

2013 ஜனவரியில் வந்த ஜேகொயரி 1.9 பதிப்பு, பழைய கட்டளைகள் சிலவற்றை நீக்கிவிட்டது. அவற்றை நம்பி எழுதிய நிரல்கள் நின்றுவிடாதிருக்க, மைக்ரேட் என்னும் துணைத்தொகுப்பும் வந்தது. இது பழைய நிரலுக்கும் புதிய தொகுப்புக்கும் இடையே போட்ட பாலம் எனலாம். அவ்வாண்டு ஆகஸ்டில் வேர்ட்பிரஸ் இப்பாலத்தைச் சேர்த்துக்கொண்டது.

பாலம் தற்காலிகமானது, ஆனால் ஏழு ஆண்டுகள் நின்றது. பழைய கட்டளை ஒன்று அதன்மேல் நடக்கும்போது எச்சரிக்கும் வசதி, நிரலாளர்களுக்கான வடிவத்தில் மட்டுமே இருந்தது. தளங்களுக்குச் சென்ற சுருக்கப்பட்ட வடிவமோ அவ்வாறு எச்சரிக்கவில்லை. ஆகவே தன் தளம் பாலத்தை நம்பி நிற்கிறது என்பதே சொந்தக்காரருக்குத் தெரியாது.

தொகுப்பை மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்பீர்கள். 2020 ஏப்ரலில் வந்த ஜேகொயரி 3.5.0, பதிப்பு 1.2 முதலே இருந்துவந்த பாதுகாப்புக் குறை ஒன்றைச் சரிசெய்தது. பிறர் அனுப்பும் எச்டிஎம்எல் துணுக்கில் ஒளிந்த தீய நிரல், பார்வையாளரின் உலாவியில் ஓட அக்குறை இடமளித்தது. வேர்ட்பிரஸ்ஸிலோ 2016-இல் வந்த 1.12.4 தான் இருந்தது. ஆகவே மாற்றம் தேவையே.

வகுத்த திட்டமும் நல்லதே. முதலில் 5.5 பதிப்பில் பாலத்தை எடுப்பது, பிறகு 5.6-இல் புதிய ஜேகொயரியைப் புதிய பாலத்தோடு வைப்பது. கடைசியில் அப்பாலத்தையும் எடுப்பது. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் என்பதால், பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது எளிது.

குறை அறிவிப்பில் இருந்தது. திட்டத்தை ஜூன் இறுதியில் நிரலாளர்களுக்கு அறிவித்தார்கள். ஆகஸ்ட் 11-இல் 5.5 வெளிவந்தது. இடையில் ஆறே வாரம்! கைவிடப்பட்ட செருகுநிரலுக்கு அறிவிப்பைப் படிக்க ஆசிரியரே இல்லை. அதனை நம்பிய சொந்தக்காரரோ நிரல் அறியாதவர். பாலத்தை மீண்டும் போடும் உதவிச் செருகுநிரல் ஒன்றும் வந்தது. அது பழைய கட்டளைகள் எங்கிருந்து வருகின்றன என்பதை நிர்வாகப் பக்கத்திலேயே காட்டியது. இந்த அறிவிப்பைத்தான் ஏழு ஆண்டுகளாகக் காட்டியிருக்க வேண்டும்.

தன்னார்வலர்களைக் கடிந்துகொள்வது நம் நோக்கமன்று. அவர்கள் டிசம்பரில் 3.5.1-ஐ வைத்து முக்கியமான படியைக் கடந்தார்கள். ஆனால் மூன்றாம் படி 5.7-இல் நிறைவேறவில்லை, 2023 நவம்பரில் வந்த 6.4-இலும் பாலம் இருந்தது. பழையதைத் தாங்கும் பாலம் கட்டும்போதே, அதை எடுக்கும் நாளையும் குறித்து, அதன்மேல் நடப்பவருக்குச் சொல்லிவிட வேண்டும். பேசாத பாலம் கடனை மறைக்கிறது. மறைந்த கடன் வட்டியோடு திரும்புகிறது.

உங்களிடம் இத்தகைய தளம் இருந்தால் ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு செருகுநிரலும் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நாளைப் பாருங்கள். பல ஆண்டுகள் கடந்திருந்தால் மாற்று தேடுங்கள். புதிய பதிப்பை முதலில் தளத்தின் நகலில் சோதித்துவிட்டுப் பிறகு ஏற்றுங்கள்.