வானத்து மரணமும் கவிதையும்

போர்க்கவிதை என்றதும் களத்தையும் யானையையும் விழுப்புண்ணையும் நினைத்துப் பழகிய நமக்கு, சோறு வடிக்கும் வேளையில், முகமே தெரியாத ஒருவன் ஆகாயத்திலிருந்து போடும் மரணத்தைப் பாடப் புறத்திணை மரபு மட்டும் போதாமையால், ஈழத்துக் கவிகள் வேறொரு கலையையே சிருஷ்டித்துக்கொள்ள நேர்ந்தது.

அக்கலையின் உயிர் அதன் அடக்கத்தில் இருக்கிறது. பொம்மர், சகடை என்ற குண்டுவிமானங்களும் பங்கர் என்ற பதுங்குகுழியும் சனங்களின் வாயில் வழங்கியபடியே கவிதைக்குள் புகுந்தன. குண்டைவிட அதற்கு முந்திய இரைச்சலும், பிணத்தைவிட உண்ணாமல் விட்ட கோப்பையும் அங்கே அதிகம் பேசுகின்றன. 31 கவிஞர்களைத் திரட்டி 1985இல் வெளிவந்த ‘மரணத்துள் வாழ்வோம்’, வான்தாக்குதல்கள் பெருகுவதற்கு முன்னரே, இத்துயரைச் சொல்லத்தக்க பாஷையைப் பண்படுத்தி வைத்ததென்பது என் துணிபு. 1995 ஜூலை 9இல் யாழ்ப்பாணத்து நவாலித் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தோர் நூற்றுக்கு மேல் விமானக் குண்டுவீச்சில் மாண்டபோது, ஆவேசச் சொற்கள் யாவும் சிறுத்துப்போயின. நிதானமாகச் சொன்ன வரிகளே நின்றன.

கொழும்பும் வானத்து மரணத்தை அறியாததன்று. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுகத்தின்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. அங்கொடை மனநோய் மருத்துவமனையும் தப்பவில்லை. அதே ஆண்டில் பிறந்த கொழும்புத் தமிழ்ச் சங்கம் இன்று வெள்ளவத்தையில் ஒரு நூலகத்தை நடத்தி வருகிறது. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் நிறைந்த அவ்வூரில் வாழும் அன்பர்களே, அந்நூலகத்துக்குச் சென்று இக்கவிதைகளைக் கேட்டு வாங்குங்கள்; பிள்ளைகளை அருகிருத்தி, வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.