சிலேடையும் சிரிப்பும்

ஒரு சொல் இருபொருள் தருவதனாலேயே நகைச்சுவை பிறந்துவிடும் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. ஆயின், காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒருங்கே குறித்துப் பாடிய வெண்பாவைக் கற்போர் வியக்கின்றனரேயன்றிச் சிரிப்பதில்லை. இருபொருளும் அங்குச் சமநிலையில் நிற்கின்றன. அவற்றைப் பொருத்திக் காட்டும் புலமையே நம்மை ஈர்க்கின்றது. தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழி, பிரிமொழி என இருவகைப்படுத்துகின்றது. இப்பாகுபாடு சொல்லின் அமைப்பை விளக்குமேயன்றிச் சிரிப்பின் காரணத்தை விளக்காது.

அக்காரணத்தை ஓர் எளிய உதாரணத்தாற் காணலாம். "இன்றைய விழா மாலையுடன் முடிவுறும்" என்கிறார் செயலாளர். "பொன்னாடை கிடையாதா?" என்று கேட்கிறார் தலைவர். செயலாளர் கூறியபோது நாம் பொழுதையே கருதினோம். பூமாலை தலைவரின் வினாவினாலேயே திடீரென வெளிப்படுகின்றது. இவ்வெதிர்பாராமை முதலாவது காரணம். ஆனால், அது மட்டும் போதாது. பந்தல் கட்ட வந்தவர் அதே வினாவைக் கேட்டிருப்பின் நாம் இவ்வளவு சிரித்திருக்கமாட்டோம். புகழாசையே தலைவரை அவ்வாறு விளங்கிக்கொள்ளச் செய்தது என்பதிலேயே நகையின் உயிர் தங்கியுள்ளது.

நகைக்கு நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினையும் வகுத்த தொல்காப்பியர், சொல்லையன்றி மனித இயல்பையே சுட்டினார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. சிக்மண்ட் பிராய்டும், நகைத்துணுக்குகள் பற்றி 1905 இல் வெளியிட்ட நூலில், வெறும் விளையாட்டாக அமைவனவற்றையும் உள்நோக்கம் உடையனவற்றையும் வேறுபடுத்தி, பின்னையவையே பெருஞ்சிரிப்பை எழுப்புவன என்றார். பகைமையோடு ஆபாசத்தையும் அவ்வகையிலேயே அவர் அடக்கினார்.

சிக்கல் இவ்விடத்திலேதான் எழுகின்றது. 'இரட்டை அர்த்தம்' என்ற தொடரே இன்று நம் பேச்சில் ஆபாசத்தின் மறுபெயராகிவிட்டது. இவ்விழுக்குச் சிலேடைக்கு உரியதன்று. அத்தகைய வசனங்களில் இரண்டாம் பொருள் முன்னரே தெரிந்துவிடுகின்றது, முதற்பொருள் வெறுந்திரையே. எனவே எதிர்பாராமைக்கு அங்கு இடமில்லை. மேலும், பெரும்பாலும் மறுமொழி கூற வாய்ப்பற்ற பெண்ணே அவற்றின் இலக்காகின்றாள். தலைவரின் கழுத்தைத் தேடிச் சென்ற மாலை பதவியின் பெருமிதத்தைச் சிறிதாக்கியது. இவையோ எளியோரை மேலும் சிறிதாக்குகின்றன.

ஆகவே, சிலேடையை மதிப்பிடும் விமர்சகர் ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என எண்ணுவதோடு அமைதல் ஆகாது; இரண்டாம் பொருள் எவரைச் சென்று தைக்கின்றது எனவும் வினாதல் வேண்டும்.