திரு.வி.க. சொன்ன ஆலைக் கதை

திரு.வி. கலியாணசுந்தரனாரை நம்மவருட் பெரும்பாலோர் தமிழ்ச் சான்றோராகவும், சமரச நெறியாளராகவும், ‘மனித வாழ்க்கையும் காந்தியடிகளும்’ இயற்றிய ஆசிரியராகவும் அறிவர். சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் துணைத் தலைவருள் ஒருவராய் நின்று, ஆலை வாயிலிலும் மணல்வெளியிலும் ஆயிரக்கணக்கானோரிடம் பேசி, அதன் பொருட்டு ஆங்கிலேய கவர்னரின் அச்சுறுத்தலுக்கு ஆளான கலியாணசுந்தரனாரை அறிந்தோர் அத்துணைப் பேர் இலர். அவரைக் காண விழைவோர் 1944-ல் வெளிவந்த ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ என்னும் பெருநூலுள், தொழிலாளர் இயக்கத்தைப் பற்றிய பகுதியைத்தான் தேடிச் செல்ல வேண்டும். அப்பகுதியை அண்மையில் மீண்டும் ஒருமுறை படித்தோம். அதன் சிறப்பு யாது, அதில் நிறைவு பெறாதது யாது என்பதை வாசகப் பெருமக்கள்முன் வைப்பது நம் நோக்கம்.

நம் வாசகருள் வணிகர் உளர். தோல் பதனிடும் தொழிலுடையோர் உளர். பீடிக் கடை வைத்திருப்போர் உளர். அவர்களிடம் கூலி வாங்கி உண்போரும் உளர். ஆகவே இஃது ஏட்டளவில் நின்றுவிடும் ஆராய்ச்சியன்று.

கதையின் களம் வடசென்னை. பக்கிங்காம், கர்நாடிக் என்னும் இரு நெசவாலைகளைப் பின்னி கம்பெனி நடத்திவந்தது. ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் அங்கே உழைத்தனர். முதல் உலகப் போர்க் காலத்தில் பட்டாளத்துக்குக் காக்கித் துணி நெய்து தந்தவை அவ்வாலைகளே. மதிய உணவுக்குக் கிடைத்த ஓய்வு அரை மணி நேரம். சங்கம் எழுப்பிய முதற் கோரிக்கைகளுள் ஒன்று அந்த அரை மணியை 40 நிமிடமாக்க வேண்டும் என்பது. பத்து நிமிடம்! இன்று படிப்போருக்குச் சிறிதாகத் தோன்றலாம். சோற்றுத் தூக்கைத் திறந்து, கை கழுவி, உண்டு, நீர் பருகி, சங்கு ஊதுமுன் வாயிலுக்குள் ஓடிப் புகவேண்டிய மனிதனுக்கு அப்பத்து நிமிடத்தின் மதிப்புத் தெரியும்.

சங்கம் தோன்றிய வகையைச் சொல்லுமிடத்தில் திரு.வி.க.வின் நடை மிக நன்றாக அமைந்திருக்கிறது. பெரம்பூரில் வெங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்றொரு பக்தி சபை இருந்தது. அதை நடத்தியவர் செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு என்னும் இரு வணிகர். கடைக்கு வரும் ஆலைத் தொழிலாளரின் துயரத்தை நாள்தோறும் கேட்டுக் கேட்டு, அவர்கள் ‘தேசபக்தன்’ ஆசிரியராய் இருந்த திரு.வி.க.வை நாடினர். சமயச் சொற்பொழிவு நடந்த மேடையே தொழிலாளர் மேடையாயிற்று. பின்னர் அன்னி பெசன்ட் அம்மையாரின் உழைப்புத் தோழரும் பார்சி வகுப்பினருமான பி.பி. வாடியா வந்தார், 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் நிறுவப்பட்டது. வாடியா ஆங்கிலத்தில் பேசுவார், திரு.வி.க. தமிழாக்குவார். பார்சியர் ஒருவர், சைவர் ஒருவர், வைணவ சபையார் இருவர், கேட்போர் கூட்டத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் ஆதிதிராவிடரும் கிறிஸ்தவரும். இவ்வாறு ஒன்று இந்நாட்டில் கூடியது என்பதே வியப்பு. அவ்வியப்பை மிகைபடக் கூறாமல் சிறு சிறு வாக்கியங்களில் வைத்துச் செல்கிறார் ஆசிரியர். வடமொழி மண்டிக் கிடந்த அந்நாளைய பத்திரிகைத் தமிழை எளிய செந்தமிழாக்கிய கை அஃது என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. தொழிலாளி காதால் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற கட்டாயமே அவர் நடையைத் திருத்தியது என்று நாம் கருதுகிறோம். இலக்கண ஆசிரியர் தராத பயிற்சியை ஆலைவாயில் தந்தது.

அடுத்து வருவது ஆலைக்கும் சங்கத்துக்கும் நேர்ந்த பிணக்கு. இங்கே ஒரு சொல்லாராய்ச்சிக்கு இடந்தர வேண்டுகிறோம். அந்நாளைய நிகழ்ச்சிகளை எழுதுவோர் பலர் ‘வேலைநிறுத்தம்’, ‘கதவடைப்பு’ இரண்டையும் வேறுபாடின்றி வழங்குகின்றனர். வேலைநிறுத்தத்துக்கு இன்றைய அரபியர் வழங்கும் சொல் ‘இள்ராப்’. ‘அன்’ என்னும் இடைச்சொல்லோடு கூடும்போது அவ்வினை, ஒன்றைவிட்டு விலகுதலை, முகந்திருப்புதலைக் குறிக்கும். விலகுபவன் தொழிலாளி. கதவடைப்பிலோ தொழிலாளி விலகவில்லை, வாயிலில் நிற்கிறான், விலக்கப்படுகிறான். ஹனஃபி மத்ஹபின் பெருநூலாகிய ‘ஹிதாயா’வில் கூலி பற்றிய பாடத்தை ஓதிய மாணவர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. ஒருவரிடத்தில் மட்டும் குறித்த காலத்துக்கு அமர்த்தப்பட்டவன் ‘அஜீர் காஸ்’ எனப்படுவான். அவன் அக்காலத்தில் தன்னை வேலைக்கு ஒப்படைத்து நின்றால், வேலை வாங்கப்படாவிடினும் கூலிக்கு உரியவனாகிறான். இதனை வகுத்த மர்கீனானி ஹிஜ்ரி 593-ல் மறைந்தவர். நீராவி ஆலையைக் கனவிலும் கண்டவரல்லர். ஆயினும் கதவடைப்பு என்பது கூலியை எந்நிலையில் பறிக்கிறது என்பதை அவர் பாடம் நமக்குத் தெளிவாக்குகிறது. அதே பாடத்தின்படி, தானே விலகி நின்றவன் அந்நாட்களுக்குக் கூலி கேட்க வழியில்லை என்பதையும் மறைக்கலாகாது. நம் பெருமக்களில் சிலர் கூலியைப் பற்றி மேடையில் பேசும்போது நபிமொழியை மட்டும் எடுத்தோதி இறங்கிவிடுகின்றனர். ஃபிக்ஹு நூலோர் அதனை எவ்வளவு நுட்பமாக வழக்குமன்றத்துக்குரிய விதியாக்கினர் என்பதைச் சொல்வதில்லை.

1920 அக்டோபரில் பக்கிங்காம் ஆலை கதவடைக்கப்பட்டது. டிசம்பரில் போலீசார் சுட்டதில் இருவர் மாண்டனர். பின்னி கம்பெனி வாடியாவின் மீதும் சங்கத்தார் மீதும் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையுத்தரவு பெற்றது. ஒப்பந்தத்தை முறிக்கும்படி தொழிலாளரைத் தூண்டியதாகக் குற்றச்சாட்டு. சங்கம் அமைப்பதே சட்டத்தின் கண்ணில் சதியாகிவிடும் நிலை. 1921 ஜனவரியில் ஆலை திறந்தபோது, வாடியா சங்கத் தொடர்பை விட்டொழிய நேர்ந்தது. முன்னின்ற தொழிலாளர் சிலர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. இவ்வழக்கு எழுப்பிய கிளர்ச்சியும் காரணமாகவே 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. பதிவு பெற்ற சங்கத்துக்கு இத்தகைய வழக்கினின்றும் காப்புக் கிடைத்தது. பெரம்பூரார் பட்ட கடனை நாடு முழுவதும் உள்ள சங்கங்கள் வரவு வைத்துக்கொண்டன என்றுதான் சொல்ல வேண்டும்.

இதுவரை திரு.வி.க.வுடன் நாம் உடன்பட்டே செல்கிறோம். 1921-க்கு வருமிடத்தில்தான் நமக்கு மனக்குறை.

அவ்வாண்டு மே மாதத்தில் கர்நாடிக் ஆலையில் பிணக்கு மூண்டது. ஜூனில் பக்கிங்காம் ஆலையாரும் வேலையை நிறுத்தினர். சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றனர். ஆதிதிராவிடருட் பெரும்பகுதியினர் வேலைக்குச் சென்றனர். ஜூன் இறுதியில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் தீக்கிரையாயின. கல்லெறி, வெட்டு, குத்து. ஆகஸ்டு 29-ல் மீண்டும் துப்பாக்கிச் சூடு, உயிர்ச்சேதம். ஆலைக்கும் சங்கத்துக்கும் இடையே தொடங்கிய போர், சேரிக்கும் தெருவுக்கும் இடையே நடந்த போராய் மாறியது. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது.

இத்தோல்வியை ஒரு தொழிலாளர் தலைவர் நின்ற இடத்திலிருந்தே திரு.வி.க. எழுதுகிறார். ஒற்றுமை உடைந்தது, முதலாளியும் அரசும் அவ்வுடைப்பைப் பயன்படுத்திக்கொண்டனர். இது பொய்யன்று. கம்பெனிக்கு அப்பிளவு பேருதவியாயிற்று என்பதில் ஐயமே இல்லை. ஆனால் பிளப்பவன் உளியை எங்கே வைக்கிறான்? ஏற்கெனவே வெடிப்பு உள்ள இடத்தில் வைக்கிறான். அந்த வெடிப்பை யார் உண்டாக்கினர் என்ற கேள்வியை நூல் உரிய அளவுக்குக் கிளறவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு.

ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா அவ்வேலைநிறுத்தத்துக்கு இசையவில்லை. அவர் தரப்பையும் கேட்டல் வேண்டும். சில மாதங்களுக்கு முன்னர்தான் ஒரு நீண்ட கதவடைப்பில் எல்லாரும் பட்டினி கிடந்தனர். சிறிது நிலமோ, ஊரில் உறவோ, கடைக்காரரிடம் கடனோ உள்ளவன் இரண்டாம் பட்டினியையும் தாங்குவான். அவை எவையும் இல்லாதவன் என் செய்வான்? மேலும், ஆலைக்குள் தோளோடு தோள் நின்று தறி ஓட்டிய தோழன் மாலையில் தெருவுக்குள் சென்றதும் தீண்டாதவனாகிவிட்டான். தண்ணீர்ப் பானையில் உடன்பங்கு தராதவர், பட்டினியில் மட்டும் உடன்பங்கு கேட்டால் அது செல்லுமா? நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியார் முதலியோர், அரசு ஆதிதிராவிடருக்கு அளவு மீறிச் சலுகை காட்டியதே கலகத்துக்குக் காரணம் என்றனர். வீடு எரிந்தவரை நோக்கிச் சொல்லப்பட்ட சொல் அது. 1923-ல் ராஜா அக்கட்சியைவிட்டு வெளியேறியதற்குப் புளியந்தோப்பு நிகழ்ச்சி ஒரு முக்கியக் காரணம். கவர்னர் வில்லிங்டன் திரு.வி.க.வை நாடுகடத்த எண்ணியபோது அதனைத் தடுக்க முன்வந்தவர் அதே தியாகராயச் செட்டியாரே. நன்றி நினைவு எழுத்தாளர் பேனாவைச் சற்று மென்மையாக்கியிருக்கலாம். அதை நாம் பெருங்குற்றமாகக் கொள்ளவில்லை.

நம்மவரைப் பற்றியும் ஒரு சொல். அவ்வேலைநிறுத்தத்தில் முஸ்லிம் தொழிலாளர் சாதி இந்துக்களோடு நின்றனர். கிலாபத் இயக்கம் உச்சத்தில் இருந்த ஆண்டு. இந்து முஸ்லிம் ஒற்றுமை எங்கும் முழங்கிய காலம். அந்த ஒற்றுமைக்கு வெளியே ஒரு கூட்டம் நிறுத்தப்பட்டிருந்ததை நம் முன்னோர் கண்டனரா? தொழுகை அணியில் ஆண்டானும் அடிமையும் அருகருகே நிற்பதைப் பெருமையுடன் சொல்லும் நாம், புளியந்தோப்பில் எந்த அணியில் நின்றோம் என்பதைச் சொல்வதில்லை. ‘முஸ்லிம்கள் உரிமைப் போரில் பங்குகொண்டனர்’ என்ற ஒரு வரியோடு இதனைக் கடந்து செல்லும் கட்டுரைகளை நம் இதழ்களிலேயே கண்டிருக்கிறோம். பங்குகொண்டது உண்மை, எரிந்த குடிசைகளும் உண்மை.

திரு.வி.க.வின் நடை இவ்விடத்தில் அவருக்கே தடையாகிறது. தென்றல் என்று அவருக்குப் பட்டம். அன்பு, அறம், சமரசம் என்ற சொற்கள் அவர் வாக்கில் வரும்போது உள்ளம் குளிர்கிறது. ஆயின் குடிசை எரியும் இடத்தில் தென்றல் வீசுவதால் ஆவதென்ன? எல்லாரையும் தழுவிக்கொள்ளும் சொல், யார் யாரை அடித்தார் என்பதைச் சொல்ல வாய் கூசுகிறது. பிற்காலத்தில் தே. வீரராகவன் போன்ற ஆராய்ச்சியாளர் சென்னைத் தொழிலாளர் வரலாற்றை ஆவணங்களைத் துருவி எழுதினர். அத்தகைய நூலின் துணையோடு படிப்போருக்கே திரு.வி.க. விட்டுச்சென்ற இடைவெளி கண்ணில் படும். துணையின்றிப் படிப்போர் நடையின் இனிமையில் ஆழ்ந்து கடந்துவிடுவர்.

அவ்விடைவெளியை நிரப்பும் படைப்பு புனைகதைத் துறையில் வந்தது என்போம். டி. செல்வராஜின் ‘தோல்’ நாவல் 2012-க்குரிய சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்றது. திண்டுக்கல் தோல் ஷாப்புகளும் அங்கே சங்கம் எழுந்த கதையுமே அதன் பொருள். அங்கே கதை மேடையிலிருந்து தொடங்கவில்லை. சுண்ணாம்புக் குழியிலிருந்து தொடங்குகிறது. உழைப்போருட் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்டோர். முதலாளிகளில் ராவுத்தர்மார் உளர். இந்நாவலை நம் வட்டாரங்களில் பலர் கையிலெடுக்கத் தயங்கினர். படித்த சிலரும், நம் சமூகத்தாரைக் கொடியவராய்க் காட்டிவிட்டார் என்று மனம் வருந்தினர். முதலாளிகளை வரைகையில் தூரிகை சற்றுத் தடித்துவிட்டது என்று இலக்கிய முறையில் குறைகூறுவோர் கூறலாம், அதற்கு இடமுண்டு. சமூகத்தின் பெயரால் வருந்துவதற்கு இடமில்லை. பின்னி கம்பெனியின் கதையைப் படிக்கும்போது நாம் தயக்கமின்றித் தொழிலாளி பக்கம் சாய்கிறோம். எதிரே நிற்பவன் வெள்ளையன். ஷாப்பு வாயிலில் நிற்பவர் நம் ஜமாஅத்துக்காரராய், பள்ளிவாசலுக்குக் கம்பளம் வாங்கித் தந்தவராய் இருந்தால் அதே சாய்வு நமக்கு வருகிறதா? அஜீர் பற்றிய பாடத்தில் முதலாளியின் மார்க்கம் கேட்கப்படுவதில்லை. ஓதிக்கொடுப்போராகிய நாமும் அப்பாடத்தை வேகமாகப் புரட்டிச் சென்று, தொழுகை, தூய்மைப் பாடங்களில் மாதக்கணக்கில் நின்றுவிடுகிறோம்.

‘வாழ்க்கைக் குறிப்புகள்’ நூலைக் குறைத்துச் சொல்வதாக எவரும் கொள்ளற்க. தமிழில் ஒரு தொழிற்சங்கத்தின் பிறப்பை அருகிருந்து கண்டவர் எழுதிய நூல் வேறு எத்தனை உள? சமயச் சொற்பொழிவாளர், பத்திரிகையாசிரியர், தொழிலாளர் தலைவர் ஆகிய மூவரும் ஒருவரே என்பதை எவ்விதப் பாவனையும் இன்றிக் காட்டும் நூல் அது. நம் மதரஸா மாணவர் தமிழ் உரைநடை பயில விரும்பினால், இத்தொழிலாளர் பகுதியையே முதலிற் படிக்கச் சொல்வோம். ராஜா 1925-ல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ஒடுக்கப்பட்ட இந்துக்கள்’ நூலையும் உடன்வைத்துப் படித்தால் இன்னும் நன்று.

நூல் 1944-ல் வந்ததால், அடுத்து நடந்தது அதில் இடம்பெறவில்லை. 1947-ல் அதே ஆலைகளில் மீண்டும் ஒரு நீண்ட வேலைநிறுத்தம் மூண்டது. சென்னையில் அப்போது ஆட்சி புரிந்தது ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் காங்கிரஸ் அமைச்சரவை. தொழிலாளர் பக்கம் நின்ற திரு.வி.க., தம் அறுபத்து மூன்றாம் வயதில் அவ்வாட்சியால் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். வில்லிங்டன் அச்சுறுத்தியதோடு நின்றார். பின்னர் 1953-ல் மறையும் வரை, கண்ணொளி குன்றிய நிலையிலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. ஆலைகளோ 1996 வரை ஓடி மூடப்பட்டன.