அரசரும் அவித்த முட்டையும்

ராஜாவைப் படம் எழுதுகிறவனுக்கு இரண்டு வழிகள் உண்டு. கிரீடத்தையும் அங்கியையும் எழுதி, அவற்றுக்குள் ஓர் ஆளைப் பொருத்திவிடலாம். அல்லது ஆளை எழுதி, அவன் தலையில் கிரீடம் எப்படி உட்காருகிறது என்று காட்டலாம். மூன்றாம் ஜார்ஜ் காலத்து லண்டனில் இந்த இரண்டு தொழில்களும் ஒரே சமயத்தில் மும்முரமாக நடந்தன. அரண்மனைக்குள்ளே ஆலன் ராம்ஸேயும் தாமஸ் லாரன்ஸும். தெருவிலே ஜேம்ஸ் கில்ரே. அவர்கள் எழுதியது ஒரே குடும்பத்தைத்தான். பாத்திரத்தைப் பிடித்தவர் யார் என்பது, நாவல் எழுதுகிற எவனும் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி.

ராம்ஸே 1761-62இல் எழுதிய பட்டாபிஷேகப் படம் பிரசித்தமானது. தூதர்களுக்கும் கவர்னர்களுக்கும் அனுப்புவதற்காக அதைப் பார்த்துப் பிரதிகள் எழுதித் தள்ளினார்கள். ஜரிகையும் பட்டும் தொட்டால் கையில் வழுக்கும் போலிருக்கின்றன. நடுவில் நிற்கும் இளைஞரைப் பற்றி அந்தப் படத்திலிருந்து நாம் தெரிந்துகொள்வது மிகவும் சொற்பம். லாரன்ஸ் தம் இருபதாம் வயதில், 1789இல், ராணி சார்லட்டை எழுதினார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அரசருக்கு முதல் தடவை புத்தி பேதலித்துத் தெளிந்திருந்தது. அந்தக் களைப்பு ராணியின் முகத்தில் இருக்கிறது. அரசருக்கும் பிடிக்கவில்லை, ராணிக்கும் பிடிக்கவில்லை. படம் எழுதியவரிடமே தங்கிவிட்டது. இன்று அது லண்டன் நேஷனல் காலரியில் தொங்குகிறது. லாரன்ஸ் பாடம் கற்றுக்கொண்டார் என்றே நினைக்கிறேன். நான்காம் ஜார்ஜின் உடம்பு அறுபதை நெருங்கியபோது எவ்வளவு பெருத்திருந்தது என்பது ஊரறிந்த விஷயம். லாரன்ஸ் படத்திலோ மிடுக்கான மன்மதன் ஒருவன் நிற்கிறான்.

இனித் தெருவுக்கு வருவோம். கில்ரே 1756இல் பிறந்தவர். ஹம்ப்ரி அம்மாள் என்பவளின் படக் கடைக்கு மேல் மாடியில் குடியிருந்து, செப்புத் தகட்டில் படம் செதுக்கியவர். அச்சான படங்களுக்குக் கையாலேயே வர்ணம் தீட்டி விற்றார்கள். ஷில்லிங் கொடுத்து வாங்க வசதியுள்ளவர்கள் வாங்கினார்கள். மற்றவர்கள் கடை ஜன்னலுக்கு வெளியே நின்று இனாமாகப் பார்த்தார்கள். ஃபோர்ஸ் என்ற இன்னொரு கடைக்காரர், கேலிப் படங்களை ஆல்பமாகச் சேர்த்து ஒரு மாலை நேரத்துக்கு வாடகைக்கே விட்டார். நம்மவர்கள் தொடர்கதையை இரவல் வாங்கிப் படித்த மாதிரிதான்.

1792 ஜூலையில் கில்ரே இரண்டு படங்களை ஜோடியாக வெளியிட்டார். முதற் படத்தில் இளவரசர், முப்பது வயது நிரம்பாதவர், சாப்பிட்டு முடித்து நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். முள்கரண்டியால் பல் குத்துகிறார். வயிற்றின் மேல் சட்டை திணறுகிறது. காலடியில் காலி பாட்டில்கள். பின்னால் இராப் பாத்திரம் நிரம்பி நிற்கிறது. அதன் அடியில், பறந்துவிடாமலிருக்க, கட்டப்படாத கடைப் பாக்கிச் சீட்டுகள். பக்கத்தில் வெளியில் சொல்லக் கூசும் வியாதிகளுக்கான மருந்துக் குப்பிகள். அவ்வளவுக்கும் மேலே, மிதமான சாப்பாட்டின் பெருமையை எழுதிய இத்தாலியக் கிழவர் கொர்னாரோவின் படம்! இரண்டாம் படத்தில் அப்பா. அவித்த முட்டை சாப்பிடுகிறார். ராணி கீரையை வாயில் திணித்துக்கொள்கிறாள். அரசரின் கால்சட்டையில் ஒட்டு. கணப்பில் நெருப்பு இல்லை. சுவரில் சட்டம் இருக்கிறது, படம் இல்லை. நாற்காலிக்கு உறை போட்டிருக்கிறது, துணி தேய்ந்துவிடக் கூடாதல்லவா!

அந்த ஒட்டுப் போட்ட கால்சட்டையைக் கண்டுபிடித்தவன் எங்கள் ஜாதி. ஒரு மனிதனைப் பற்றிப் பத்துப் பக்கம் வர்ணிப்பதை இந்த ஒரு விவரம் செய்துவிடுகிறது. கில்ரே வருடித் தரவில்லை, கொட்டினார். அதே வருஷம் ஜூனில் வந்த இன்னொரு படத்தில், அரசர் மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றை மிச்சம்பிடித்து ஏற்றி, கண்ணருகே ஒரு சின்னச் சித்திரத்தை வைத்து உற்றுப் பார்க்கிறார். அது ஒரு ராஜாவின் தலை போகக் காரணமான கிராம்வெலின் முகம்! பிரான்ஸில் பதினாறாம் லூயியின் தலை உருண்டது அடுத்த ஜனவரியில்.

ஆனால் நடந்தது வேறு. ஜனங்கள் முட்டையைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்து முட்டை சாப்பிடுகிறவரை நேசிக்கத் தொடங்கினார்கள். கஞ்சத்தனம் செய்யும், பெண்டாட்டியோடு வாழும், குடியானவனைப் போன்ற ராஜா நம் வீட்டுப் பெரியவரைப் போல் ஆகிவிட்டார். 1803இல் நெப்போலியன் படையெடுப்பான் என்று நாடே பயந்திருந்தபோது, கில்ரேயே அவரை ஸ்விஃப்டின் கதையில் வரும் ராட்சத ராஜாவாக்கி, உள்ளங்கையில் குட்டி நெப்போலியனை நிறுத்தி, கண்ணாடி வழியே பார்க்க வைத்தார். ராம்ஸேயின் பட்டும் ஜரிகையும் தேடித் தராத அன்பை ஒட்டுப் போட்ட கால்சட்டை தேடித் தந்தது. ஊன்றிப் பார்க்கிறவனால் முழுசாக வெறுக்க முடிவதில்லை என்பதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

மகன் கதை வேறு. அவரைக் கொழுத்த ஐம்பது வயதுக்காரர் என்று 1812இல் எழுதிய லீ ஹண்டுக்கு இரண்டு வருஷம் சிறை. படங்களின் மேல் வழக்குத் தொடுக்கச் சர்க்கார் தயங்கியது. படத்தில் இருப்பதைக் கோர்ட்டில் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே! ஆகவே பணம் கொடுத்தார்கள். ஜார்ஜ் க்ரூக்ஷாங்க் 1820 ஜூனில் நூறு பவுன் வாங்கிக்கொண்டு, மன்னரை ஒழுக்கக்கேடான நிலையில் வரைவதில்லை என்று கையெழுத்துப் போட்டார். அதே வருஷம், ராணி கரோலினுக்காகப் பரிந்து, குடித்துச் சாய்ந்து கிடக்கும் மன்னரை வரைந்தார். இதில் வேடிக்கை, மன்னரே இந்தப் படங்களைச் சேகரித்தவர். விண்ட்ஸரில் சேர்ந்திருந்த ஏறக்குறையப் பத்தாயிரம் கேலிப் படங்களை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1921இல் வாங்கிக்கொண்டது.

கில்ரேயும் பணத்துக்கு அப்பாற்பட்டவர் அல்லர். 1797இலிருந்து சில வருஷங்கள் சர்க்காரின் ரகசிய உதவித்தொகை வாங்கினார். அந்தக் காலத்துப் படங்களில் கை குறையவில்லை; குறி மட்டும் எதிர்க்கட்சிக்காரர் பக்கம் சாய்ந்துவிட்டது. யாரைப் பார்ப்பது என்பதை இன்னொருவன் தீர்மானித்தால், எவ்வளவு கூர்மையான கண்ணும் பாதிக் குருடுதான்.

பிறகு நிஜமாகவே கண் மங்கியது, புத்தியும் கலங்கியது. ஏறக்குறைய அதே சமயத்தில் அரசருக்கும் புத்தி மீளாமல் போயிற்று. எழுதியவர் கடைக்கு மேல் மாடியில், எழுதப்பட்டவர் விண்ட்ஸரில். கில்ரே 1815இல் இறந்தார்; பார்வையும் கேள்வியும் இழந்த கிழவராக அரசர் 1820 வரை இருந்தார். அந்தக் கிழவர் பட்டு அங்கிக்குள்ளும் அடங்கமாட்டார், பரிகாசத்துக்குள்ளும் அடங்கமாட்டார். கேலிச் சித்திரம் ஒரு மனிதனை ஒரு கணத்தில் பிடித்து நிறுத்துகிறது. அவன் மாறுவதையும் தேய்வதையும் கூடவே நடந்து பார்க்க அதற்குப் பொறுமை கிடையாது. அது நாவலாசிரியன் செய்ய வேண்டிய வேலை. ஆனால் அந்த வேலையைத் தொடங்குவதற்கு முட்டையும் கால்சட்டை ஒட்டும் வேண்டும். அவற்றைக் கில்ரேயிடமிருந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது; ராம்ஸேயிடம் கிடைக்காது.